கரும்பு நட்ட தேதி

சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அப்பா, தன் கடையில் யாருடைய சைக்கிளுக்கோ பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், சொல்யூஷன் ஒட்டிய கையோடு அதைப் பிரித்துப் படித்துவிட்டு, "உன் புள்ள அங்க ஒரு திருடனப் புடிச்சிட்டானாம்" என்று என்னிடம் நீட்டினார். அவர் குரலில் பெருமை. எனக்கு அது வரவில்லை. நீ எழுதியிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். மெட்ராஸ் கம்பெனி உன்னை ஒரு லாரி நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறது. அங்கே உதிரிபாகங்கள் வைக்கும் ஸ்டோருக்கு நீ கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறாய். அந்த ஸ்டோர் கீப்பர் ரொம்ப வருஷமாக அங்கேயே இருப்பவர். சில சாமான்களைப் பதிவேட்டில் காட்டாமல் ஒரு டிரம்மில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறார். உன் பட்டியலும் அவருடைய அலமாரியும் ஒத்துப்போகவில்லை. திங்கட்கிழமை மேனேஜரிடம் இதை எழுத்தில் கொடுக்கப் போகிறாய். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது அம்மா" என்று வேறு எழுதியிருக்கிறாய். சொல்லாதுதான். நாம் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான்.

அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. அவர் திருடனாகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் நீ கொடுக்கப்போகும் காகிதத்தைப் போல ஒன்றை நானும் ஒருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு அதைச் சொன்னதில்லை. உன் அப்பாவுக்கே பாதிதான் தெரியும். சனிக்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். நீளமாக இருக்கிறது என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே.

"கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே எங்கம்மா பாகூரில் புரோகிராம் எழுதினாங்க" என்று சிநேகிதர்களிடம் பெருமையடித்துக்கொள்வாயே, அந்த அட்டைகளின் கதைதான் இது. நான் வில்லியனூரில் கடைக்காரர் வீட்டுப் பெண். கணக்கில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, கல்யாணமாகி பாகூருக்கு வந்தபோது எனக்குக் கரும்பும் தெரியாது, நாணலும் தெரியாது. வந்த இரண்டாம் வருஷம் கரும்பு விவசாயிகள் சங்கத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அந்த ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் நான்தான். தலைமை எழுத்தர் என் மேசையைக் கடக்கும்போதெல்லாம் எதையாவது தப்பாக எழுதியிருக்கிறேனா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். எனக்கும் எதையாவது சாதித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது.

அங்கே பெரிய சண்டையே எந்த வயலை எப்போது வெட்டுவது என்பதில்தான். வெட்டு ஆட்கள் விழுப்புரம் பக்கத்திலிருந்து வருவார்கள், நாலைந்து கோஷ்டிதான். ஆலைக்குக் கொண்டுபோகும் லாரியும் சொற்பம். முந்தி வெட்டினால் கரும்பு முத்தியிருக்காது, பிந்தினால் பூத்து, உள்ளே சாறு வற்றி நெட்டியாகிவிடும். அதனால் சங்கம்தான் ஒவ்வொரு வயலுக்கும் வெட்டு உத்தரவுச் சீட்டு கொடுக்கும். தலைவருக்கு வேண்டியவர்களுக்கு முதலில் சீட்டு போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. யாருக்கும் வேண்டியவர், வேண்டாதவர் இல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தால் என்ன என்று யோசித்தேன். கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அட்டைகளின் படம் பார்த்த ஞாபகம் வந்தது. அது எப்படி வேலை செய்யும் என்று மண்டையைக் குடைந்துகொண்டு, வில்லியனூர் அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை அட்டையில் மீந்ததை வாங்கி வந்து, ஒரு பஸ் கண்டக்டரிடம் டிக்கெட்டில் ஓட்டை போடும் பழைய பஞ்ச் ஒன்றைக் கெஞ்சி வாங்கி, நானே செய்து பார்த்தேன்.

ஒரு வயலுக்கு ஓர் அட்டை. ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள். ஓர் ஓட்டை ஊரைக் குறிக்கும், ஒன்று ரகத்தை, ஒன்று தை முதல் வாரத்தில் நட்டது என்பதை. விவசாயிகள் சங்கத்து ஃபாரத்தில் சொல்லியிருந்த தேதிதான் கணக்கு. அந்த வயலுக்குப் பொருந்துகிற ஓட்டையை மட்டும் ஓரம் வரை வெட்டித் திறந்துவிட வேண்டும். பிறகு அட்டைகளை எல்லாம் அடுக்கி, வேண்டிய ஓட்டையில் ஒரு கம்பியை நுழைத்துத் தூக்கிக் குலுக்கினால், திறந்தவை மட்டும் பொலபொலவென்று உதிரும். மற்றவை கம்பியிலேயே தொங்கும். கம்பிக்கு உன் அப்பாவின் கடையிலிருந்து சைக்கிள் ஸ்போக்ஸ். "இருக்கிறதெல்லாம் ஆபீசுக்கு எடுத்துக்குனு போனா நான் சக்கரத்துக்கு இன்னா பண்றது?" என்று அவர் கத்தினாலும் நேரான கம்பியாகப் பொறுக்கிக் கொடுப்பார். அந்த அட்டைகள் முதல்முறை சரியாக உதிர்ந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? உன்னுடைய முதல் புரோகிராம் ஓடியபோது நீ போட்ட கடிதத்தில் நாலு வரி படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அதே கிறுக்குதான்.

என் அட்டைகளைப் பார்த்து என்னைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டவர் கலியபெருமாள். சங்கத்தின் ஃபீல்டுமேன், அதாவது வயல் வயலாகச் சைக்கிளில் போய்ப் பார்க்கிறவர். நாற்பதைத் தாண்டியவர், ஐந்தாவது வரை படித்தவர். நான் எடுத்துக் கொடுக்கும் பட்டியலைப் பார்த்து உத்தரவுச் சீட்டு எழுதி வீடு வீடாகக் கொடுப்பதும் அவர் வேலைதான். சாயங்காலம் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். "மந்திரம் மாதிரி இருக்குதும்மா. இன்னொரு தபா ஆட்டுங்க" என்பார். ஆட்டிக் காட்டுவேன். குனிந்து, விழுந்த அட்டைகளை எடுத்து ஒவ்வொரு பேராகப் படிப்பார். சில பேரைப் படிக்கும்போது கொஞ்சம் நிறுத்துவார். ஏன் நிறுத்துகிறார் என்று நான் கேட்டதில்லை. உனக்கே தெரியும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் எந்த ஊருக்கு, எதற்குப் போகிறார் என்று இறங்குவதற்குள் துருவித் துருவிக் கேட்டுவிடுகிறவள் நான். ஆனால் என் வேலையைப் பற்றி மட்டும் யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

மார்கழி மாதம் ஒருநாள், சும்மா இருக்கும் நேரத்தில், சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை என் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை. நான் இந்த வாரம் என்று எடுத்துக் கொடுத்த வயல்களில் பதினேழுக்கு மூன்று வாரம், நாலு வாரம் தள்ளிச் சீட்டு எழுதியிருந்தார். யாருக்கும் சலுகை கிடையாது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க, இந்த ஆள் பின்பக்கமாகத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். வேறென்ன, கை நீட்டிக் காசு வாங்கியிருப்பார் என்று முடிவு கட்டினேன். மறுநாள் ஆபீஸ் திறந்ததும் முதல் காரியமாக இரண்டு பக்க அறிக்கையைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டேன். நல்ல இங்கிலீஷ். கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தது.

தலைவர் அவரை எல்லார் முன்னாலும் கூப்பிட்டார். "ஏன்யா மாத்தின?"

"கரும்பு இன்னும் வரலைங்க."

"வந்துருச்சின்னு அட்டை சொல்லுதே?"

கலியபெருமாள் என்னை ஒரு தடவை பார்த்தார். தலைமை எழுத்தரையும் பார்த்தார். அப்புறம், "அட்டை சரிதாங்க. நான்தான் மாத்திட்டேன்" என்றார். அதை நான் ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரப் பட்டியலுக்குக் கம்பியை நுழைத்துக் குலுக்கினேன். தை முதல் வாரத்து அட்டைகள் மேசை கொள்ளாமல் விழுந்தன. அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? ஒரு ஊர் முழுக்க ஒரே வாரத்தில் கரும்பு நட முடியுமா, நடுகிற ஆட்களுக்கு எங்கே போவார்கள்? யோசிக்கவில்லை. இப்போது மாற்றுகிறவர் யாரும் இல்லாததால் பட்டியலில் உள்ளபடியே எல்லாருக்கும் சீட்டு போனது. ஒரே சமயத்தில் எல்லாரும் வெட்டு ஆட்களுக்கு அலைந்தார்கள். வெட்டிய கரும்பு லாரி வராமல் நாலு நாள், ஐந்து நாள் வயலிலேயே கிடந்து காய்ந்தது. அதைவிடக் கொடுமை, வெட்டியதில் பாதி பச்சைக் கரும்பு. சங்கத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தலைவர் என்னைப் பார்த்து, "போய் இன்னான்னு பாரும்மா" என்றார். வேலைக்குச் சேர்ந்து அத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக ஒரு கரும்பு வயலுக்குள் கால் வைத்தேன்.

அஞ்சலாட்சி என்று ஒரு பெண், தனியாகப் பயிர் செய்கிறவர், வெட்டிய குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு கரும்பை ஒடித்து நுனியை என்னிடம் நீட்டினார். "கடிச்சிப் பாரு." சப்பென்று இருந்தது. அடிப்பக்கத்தைக் கொடுத்தார். அது கொஞ்சம் தித்தித்தது. "ரெண்டும் ஒரே மாதிரி இனிச்சாத்தான் வெட்டணும். உங்க ஆபீசுல இதக்கூட சொல்லித் தரலியா?"

"எப்ப நட்டீங்க?" என்று கேட்டேன்.

"தை மூணாந்தேதி. உங்க ஆபீசுலதான எழுதிக்குனாங்க?"

"முழுக்க அன்னைக்கேவா?"

"அன்னிக்கு எப்பிடி முழுக்க நடறது? அன்னிக்கு நாள் நல்லா இருந்துச்சி. மூலையில அஞ்சு கரும்புக் கரணைய ஊனி கற்பூரம் காட்டினோம். ஆளு கெடச்சி தண்ணி கெடச்சி மீதிய நட்டு முடிக்க மாசி கடேசி ஆயிருச்சி. எல்லாரும் அப்பிடித்தான்."

"அந்தத் தேதியைச் சொல்லியிருக்கலாமே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல நாள வுட்டுட்டு வேற நாள யாராச்சும் வாயால சொல்லுவாங்களா? ஊட்டுக்கு என்னிக்கு குடி வந்தன்னு கேட்டா நீ இன்னா சொல்லுவ? பால் காய்ச்சின நாள சொல்லுவியா, கட்டிலு பீரோ ஏத்துன நாள சொல்லுவியா?" பிறகு அவராகவே கேட்டார். "கலியபெருமாளுக்கு இதெல்லாம் தெரியுமே. வந்து நுனிய மென்னு பாத்துட்டு, இன்னும் ஒரு மாசம் போவட்டும்னு சொல்லுவாரே. அவரு ஏன் வரல?"

கையிலிருந்த கரும்பைக் குவியலில் வைத்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.

இதில் எனக்கு இன்றுவரை ஆச்சரியம் என்னவென்றால், யாருமே பொய் சொல்லவில்லை. எங்கள் வில்லியனூர் கடையையும் அப்படித்தான் ஆவணி மாதம் ஒரு நல்ல நாளில் திறந்தார்கள். சரக்கு வந்து வியாபாரம் ஆரம்பித்தது தீபாவளிக்குத்தான். கடை எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் என் அப்பா ஆவணி என்றுதான் சொல்வார். இவ்வளவும் தெரிந்த நான், ஃபாரத்தில் ஒரு தேதி எழுதியிருந்தால் அதை அப்படியே நம்பினேன். நீ சிரிக்காதே. உன் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி எப்படி வந்தது தெரியுமா? நீ பிறந்தது ஐப்பசி அடைமழையில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வயது பற்றவில்லை. "ஜூன்ல ஒரு தேதி சொல்லும்மா, போட்டுக்கிறேன்" என்றார் ஹெட்மாஸ்டர். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். உன் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்தான். உங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் உன்னை நாலைந்து மாதம் முன்கூட்டியே ரிட்டயர் செய்து அனுப்பும், அதுவும் பொய் சொல்லாமல்.

அந்த வாரமே ஃபாரத்தை மாற்றினேன். நாள் பார்த்து ஊன்றிய தேதி ஒன்று, நட்டு முடித்த தேதி ஒன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டதும் எல்லாரும் தயங்காமல் சொன்னார்கள். அட்டையில் ஒரு வரிசை ஓட்டையைக் கூட்டினேன். யாராவது சீட்டில் தேதியை மாற்றினால் ஏன் என்று எழுத அட்டையின் பின்பக்கம் இடம் விட்டேன். அடுத்த பருவத்தில் வாசலில் சண்டை இல்லை. மண்ணாடிப்பட்டு பக்கத்திலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நீ பெருமைப்படுவது இந்த அட்டைகளைப் பற்றித்தான்.

ஆனால் என் அறிக்கையை நான் திரும்ப வாங்கவில்லை. தலைவரிடம் போய்ச் சொல்லத்தான் செய்தேன். "அத எதுக்கு இப்ப கெளர்ற? ஃபாரத்த மாத்திட்ட இல்ல, உடு. தப்பு நம்ம பேர்லன்னு தெரிஞ்சா அட்டைய எவன் நம்புவான்? உன்னத்தான் எவன் நம்புவான்?" என்றார். தலைமை எழுத்தரின் முகம் என் கண் முன்னால் வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எனக்குப் பயம். அதற்கு வேறு நல்ல பேர் வைக்க முடியாது. கலியபெருமாளை வேலையை விட்டே எடுத்தார்கள். உத்தரவைத் தட்டச்சு செய்ததும் என் பக்கத்து மேசையில்தான்.

அதன் பிறகு பல வருஷம் கழித்து, நீ ஆறாவது போகும்போது, உனக்குச் செருப்பு வாங்கத் தவளக்குப்பம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கூட்டுரோட்டில் ஓர் உரக்கடை முன்னால் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரிடம் நான் ரொம்ப நேரம் நின்று பேசினேன். நீ பஸ் வந்துவிட்டது என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். அவர்தான். என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அட்டை இப்ப சரியா வுழுதுங்களாம்மா?" என்பதுதான்.

"விழுது அண்ணா. அன்னைக்கு நீங்க ஏன் எதுவும் சொல்லாம இருந்தீங்க?"

"நான் இன்னான்னு சொல்றது? அட்டை தப்புன்னு அத்தினி பேர் முன்னாடி சொன்னா உங்க வேலைக்குல்ல வம்பு? பெரிய கிளார்க்கு அதுக்குத்தான காத்துக்குனு இருந்தாரு. நல்ல சாமானும்மா அது. கொஞ்சம் தட்டி சரி பண்ணா ஓடும். அதான் நானே கையால மாத்திக்குனு இருந்தேன். அந்தப் பருவம் முடிஞ்சதும் பதமா சொல்லலாம்னு இருந்தேன்."

இதை நன்றாகப் படி சேகர். நான் திருட்டு என்று எழுதிக் கொடுத்தது, என் தப்பு வெளியே தெரியாமல் அவர் தாங்கிப் பிடித்ததைத்தான். நீ கட்டுகிற எந்த முறையும் முதல் வருஷம் தானாக ஓடாது. யாரோ ஒருவர் ஓசைப்படாமல் அதைத் தள்ளிக்கொண்டிருப்பார். அவர் செய்வது உன் பட்டியலோடு ஒத்துப்போகாது. பார்த்தால் திருட்டுப் போலத்தான் தெரியும். அந்த டிரம்மில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரே குறுகுறுப்பாக இருக்கிறது. புதுச் சாமான் வர மாதக்கணக்காகும் என்று பழைய லாரியில் கழற்றியதைத் துடைத்து வைத்திருக்கிறாரா? பெட்டியின் மேல் ஒரு நம்பரும் உள்ளே வேறு சாமானுமாக வந்தவையா? இல்லை, நிஜமாகவே விற்பதற்கா? நீ போய்க் கேட்டால்தான் தெரியும். மேனேஜர் அறையில் வைத்துக் கேட்காதே. ஒருநாள் முழுக்க ஸ்டோரில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார். யார் வந்து எதைக் கேட்கிறார்கள், அவர் கை எப்போது அந்த டிரம்முக்குப் போகிறது என்று பார். உன் புரோகிராமில் அவர் திருத்தம் எழுத ஓர் இடம் விடு. அதற்கப்புறமும் திருட்டு என்று தெரிந்தால் எழுதிக் கொடு. நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

தவளக்குப்பத்தில் அவரைப் பார்த்த அன்றே நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்போது எனக்குப் பதவி உயர்வு வரும் நேரம். தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது அப்படியே பழகிவிட்டது. உன் கடிதத்தில் அந்தத் திருட்டு என்ற சொல்லைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. புதன்கிழமை உட்கார்ந்து சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், இந்தத் தடவை தமிழில். என் அறிக்கை தவறு, கலியபெருமாள் மாற்றிய பதினேழு சீட்டும் சரியானவை, வயலைப் பார்த்து மாற்றியவை, அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று. கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் காட்டிவிடலாம் என்று இன்று காலை பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். மூட்டை தூக்கியதில் முதுகு போய், கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் படிக்கப் படிக்கக் கண்ணை மூடிக் கேட்டார்.

முடித்ததும் அவர் சொன்னார்: "பதினேழுன்னு எழுதாதீங்கம்மா. பதினாறு. என் மச்சான் ஊட்டுல காது குத்து, அன்னிக்கு வெட்டு வேணாம்னான். ஒரு வாரம் தள்ளி எழுதிக் குடுத்தேன். அவன் கரும்பு நல்லாத்தான் முத்தி இருந்துச்சி."

பதினேழை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினேன். அந்த ஒன்றையும், மச்சானின் பேரோடு, அவர் சொன்னபடியே கீழே சேர்த்தேன். இன்னொரு தடவை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "இப்ப சரியா இருக்குது, போய்க் குடுங்க" என்றார். மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

உன்
அம்மா